உலகம்மாள் வைத்த பொட்டு

எலுமிச்சம்பழத்தை வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாக ஓடையில் கொட்டிய வருஷத்துக்கு அடுத்த வருஷம், சித்திரை மாதம், வெயில் பழமண்டிக் கூரையின் தகரத்தைப் படபடவென்று வெடிக்க வைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், உலகம்மாள் தன் மகள் பூங்கனியின் இடது கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள், அந்தப் பொட்டு அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம் அழியவில்லை.

மையில் ஒரு விசேஷமும் கிடையாது. வசம்பை விளக்கில் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுத் தேங்காய்ச் சிரட்டையில் குழைத்த மைதான், எங்கள் மண்டித் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் வைத்துக்கொண்டு வளர்ந்த மை, சாயங்காலம் வெந்நீர் பட்டால் போய்விடுகிற மை. மிளகளவு வைக்க வேண்டியதை அவள் சுண்டைக்காய் அளவுக்கு வைத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் பக்கத்து வீடு, ஜாக்கெட் தைக்கிறவள். மெஷினை விட்டு எழுந்து வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, பிள்ளை மூஞ்சியில பாதி பொட்டால்லா இருக்கு, எதுக்கு இம்புட்டுப் பெருசு?" என்று கேட்டேன். "இருக்கட்டும் மதினி" என்றாள். அன்றைக்கே நான் விடாமல் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையைத் தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் பிள்ளையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றினோம். நெற்றிப் பொட்டு போனது, உள்ளங்காலில் வைத்த பொட்டு போனது, கன்னத்துப் பொட்டு போகவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தோம், பயத்தமாவு போட்டுத் தேய்த்தோம், கன்னம் சிவந்ததே தவிர மை அசையவில்லை. நாளைக்குப் போய்விடும் என்றேன், நாளைக்கும் போகவில்லை. உலகம்மாளின் புருஷன் பரமசிவன், கேரளாவுக்குப் பழ லோடு ஓட்டிப் போனவன், பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோதும் அது அப்படியே இருந்தது. "மச்சம்னு நெனச்சிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான். எங்கள் தெருவும் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வராததுதான் அப்போது எங்களுக்கு அதிசயமாகவும் கவலையாகவும் இருந்தது.

ஆனால் வைத்தியம் சொல்லாமல் யாரும் இருக்கவில்லை. கஸ்தூரி மஞ்சளைப் பசும்பாலில் குழைத்துப் போடச் சொன்னார்கள், போட்டோம், ஜாதிக்காயைக் கல்லில் இழைத்துத் தடவச் சொன்னார்கள், தடவினோம், உருளைக்கிழங்கைத் துருவிச் சாறு எடுத்து, பப்பாளியை மசித்து, புளித்த தயிரில் கடலைமாவைக் கரைத்து, சோற்றுக் கற்றாழையைக் கீறி, கோரைக்கிழங்கைப் பொடித்து, செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஒவ்வொன்றாகப் பூசிப் பூசி, அந்தப் பிள்ளையின் கன்னம் ஒரு அடுக்களை மாதிரி மணத்துக் கிடந்தது. கடைசியில் எலுமிச்சைக்கு வந்தோம். ஊரே எலுமிச்சை மண்டியால் பிழைக்கிற ஊர், எலுமிச்சையால் தீராதது ஒன்று இருக்கும் என்று நாங்கள் நம்ப மறுத்தோம். நல்ல கொழுத்த பழமாகப் பார்த்து வெட்டி, ஆறு மாதக் குழந்தையின் கன்னத்தில் பிழிந்து, சாறு பிடிக்கட்டும் என்று இளவெயிலில் தூக்கிப் பிடித்தோம். குழந்தை வீறிட்டது. தோல் கொப்புளித்தது. கொப்புளம் ஆறியபோது பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது, அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும் புதிதாக வந்திருந்தது. அந்தப் பழத்தைப் பிழிந்தது நான்.

பொட்டு வளரும் என்பது பிள்ளைக்கு மூன்று வயதானபோதுதான் தெரிந்தது. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "யாரு பெத்த பிள்ளையோ, கண்ணு ரெண்டும் என்னமா இருக்கு" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆகிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் சிலேட்டில் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தாள், பிள்ளை வீட்டுக்கு வரும்போது மை தாடையைத் தொட்டிருந்தது. பாடினால் யாராவது ஆகா என்றார்கள், கோலம் போட்டால் யாராவது நின்று பார்த்தார்கள், எந்த நல்ல சொல் எங்கே விழுந்தாலும் நேராகப் போய் அந்தக் கன்னத்தில்தான் தங்கியது. ஊர் அதற்குத் தகுந்தாற்போல் தன்னை மாற்றிக்கொண்டது. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போதே, "அந்தப் பிள்ளையப் பாத்து நல்ல வார்த்த ஒண்ணும் சொல்லிராதிய" என்று பயணிகளிடம் சொல்லிவைத்தார். புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர்களுக்கு ஹெட்மாஸ்டர் முதல் நாளே விஷயத்தை விளக்கினார். அவள் வகுப்பில் முதலாவதாக வந்த வருஷம் மேடையில் பெயர் வாசிக்காமல், பரிசு டம்ளரைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள், வாங்கும்போது ஏதோ தப்புச் செய்துவிட்ட பிள்ளைபோலத்தான் வாங்கினாள்.

உலகம்மாளுக்கு மண்டியில் பழம் பொறுக்குகிற வேலை. குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, பெரிது தனி, சிறிது தனி, புள்ளி விழுந்தது தனி என்று பிரிப்பார்கள், புள்ளி விழுந்தது ஊறுகாய்க் கூடைக்குப் போகும். உலகம்மாளின் கை பழத்தைத் தொடுவதற்கு முன்பே அவள் கண் புள்ளியைக் கண்டுவிடும். அப்படிப்பட்ட கண், வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்க்காது. பின்னால் உட்கார்ந்து தலை பின்னுவாள், தட்டைப் பார்த்துக்கொண்டே சோறு ஊட்டுவாள், பிள்ளை எதிரே வந்து நின்றால் கதவையோ கொடியில் கிடக்கிற துணியையோ பார்த்துப் பதில் சொல்லுவாள். அவமானம், என்ன செய்வாள் பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் மட்டும் என்ன, தெருவே அப்படித்தான் நினைத்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். என் பெயர் பிச்சம்மாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால், இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றுவதற்காக என்னைத் தவிட்டுக்கு விற்று வாங்கி, மூக்குக் குத்தி, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். ஆக என் பெயரே ஒரு ஏச்சு, அந்த ஏச்சுதான் என்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று கேட்டே வளர்ந்தவள் நான். பூங்கனிக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட் துணிமேல் என் மெஷின் எண்ணெயைத் தட்டிவிட்டாள். எனக்குக் கண்மண் தெரியவில்லை. "சவத்து மூதி, தொட்டதெல்லாம் கரியாக்குத பயபுள்ள, ஒன்னயப் பெத்ததுக்கு ஒங்கம்மை ஒரு உரலப் பெத்திருக்கலாம்" என்று ஏசித் தீர்த்தேன். பிள்ளை அழுதுகொண்டே ஓடியது. கொஞ்ச நேரத்தில் உலகம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள், சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, பொட்டு சின்னதாயிருக்கு. என்ன செஞ்சிய?" என்றாள்.

அப்படித்தான் அந்த வைத்தியம் ஆரம்பித்தது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க முறை வைத்திருந்தோமே, அதுபோலவே பூங்கனியை ஏசவும் முறை வைத்தோம். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது நாலு வீடு, சாயங்காலம் வரும்போது நாலு வீடு. யாருக்கும் அவள்மேல் கோபம் கிடையாது, பிரியம்தான். "ஏ கோட்டிக்காரி, இந்தா முறுக்கு" என்பார்கள், "கோணவாயி, மழையில நனையாமப் போ" என்பார்கள், அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். எல்லாருக்கும் ஏச வராது. ரிட்டையரான தமிழய்யா ஒருத்தர், முறை வரும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ ஒன்றும் அவ்வளவு சிறப்பில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வருத்தப்பட்டுக்கொண்டு படுத்துவிடுவார். பரமசிவனுக்கு அதுகூட வராது, தன் முறை வருகிற நாளாகப் பார்த்து லோடு ஏற்றிக்கொண்டு போய்விடுவான். இரண்டு வருஷத்தில் பொட்டு தாடையிலிருந்து ஏறி, நெல்லிக்காயாகி, நாங்கள் எல்லாரும் ஊர்கூடித் தேர் இழுத்த மாதிரி பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அப்புறம் அது கேட்கவில்லை. பத்து வயதுக்கு மேல் கோட்டிக்காரியும் கோணவாயியும் அவளுக்குச் செல்லப் பெயர்களாகிவிட்டன, சொன்னால் பொட்டு அசைவதில்லை. யாராவது நிஜமாகவே எரிச்சலில் சொல்லி, அவள் முகம் ஒரு கணம் வாடினால், அன்றைக்கு மட்டும் ஒரு நூல் குறையும். மருந்து உள்ளே இறங்கினால்தான் வேலை செய்யும் என்பது எங்களுக்குப் புரிந்தது. புரிந்த பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையா? நாங்கள் நிறுத்தவில்லை, மருந்தைக் கூட்டினோம். அவளுக்கு எது வலிக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தோம். நன்றாகப் பாடுவாள் என்பதால் அவள் குரலை ஏசினோம், முறுக்குக் கொடுப்பதை நிறுத்தினோம், பிறகு அவள் வாசலுக்கு வந்தால் எழுந்து உள்ளே போக ஆரம்பித்தோம். இதில் எல்லாரையும்விட எனக்குக் கைராசி என்று பெயர். ஜாக்கெட் தைக்கிறவளுக்கு எங்கே பிடிக்கும், எங்கே இறுக்கும் என்று தெரியும்தானே. அவள் பன்னிரண்டு வயதில் பாட்டை நிறுத்தியபோது, பொட்டு பாக்களவுக்குக் குறைந்துவிட்டது என்று உலகம்மாள் எனக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் தின்றேன்.

இருபது வயதில் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வந்தது. அதற்குள் காலேஜ் போய், அங்கே விவரம் தெரியாதவர்கள் நல்ல வார்த்தை சொல்லி, பொட்டு மறுபடி நெல்லிக்காயைத் தாண்டியிருந்தது. திருநெல்வேலியில் தோல் டாக்டரிடம் காட்டுவோம் என்று மூன்று பேரும் போனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். விளக்கு வைத்துப் பார்த்தாள், பஞ்சில் ஏதோ தொட்டுத் துடைத்துப் பார்த்தாள், லேசர் மெஷினைக் கன்னத்துக்கு நேரே கொண்டுபோய்விட்டு நிறுத்திக்கொண்டாள். "இது தோலுக்கு உள்ள இல்லம்மா, மேல வச்சது மாதிரி இருக்கு. மெஷின் போட்டா நல்ல தோல்தான் கெட்டுப்போகும்" என்றாள். அப்புறம் வெள்ளைத் தழும்பைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டாள். உலகம்மாள் என்னைப் பார்த்தாள். நான் எலுமிச்சையைச் சொன்னேன். "எலுமிச்சை பிழிஞ்சு வெயில்ல காட்டினீங்களா? பச்சைப் பிள்ளைக்கா?" என்று அந்தப் பெண் கேட்ட கேட்பில் எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. வெயிலில் போகும்போது தடவ ஒரு களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, பூங்கனியின் தோளைத் தட்டி, "இவ்வளவு நல்ல தோல், இவ்வளவு அழகான கண்ணு, இந்தப் பொட்டப் பத்தி நீ ஏன் கவலப்படுற?" என்று சிரித்தாள். நாங்கள் தடுப்பதற்குள் சொல்லிவிட்டாள். அந்த நாற்காலியிலேயே மை கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கூட்டிவரச் சொல்லிச் சீட்டில் எழுதினாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பூங்கனி ஜன்னலோரமாக உட்கார்ந்து, "அந்த டாக்டரம்மா சொன்னது நெசமா இருக்குமா அத்தை?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். "டாக்டர்னா எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லுவாவ" என்றேன். சிவகிரி வருவதற்குள் கழுத்து சுத்தமாகிவிட்டது.

மெஷினால் முடியாததை எங்கள் ஊர் பியூட்டி பார்லர் ஷைலஜா செய்தாள். ப்ளீச், ஃபேஷியல், பழக்கூழ், ஆவி என்று எல்லாம் செய்தாள், ஆனால் வேலை செய்தது அதில் எதுவும் இல்லை. பார்லர்க்காரிகளுக்கு ஒரு தொழில் வழக்கம் உண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவள் முகத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முதலில் அவர்கள் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். "என்னம்மா மூஞ்சி இவ்வளவு டல்லா இருக்கு? மூக்குல பூரா கரும்புள்ளி, உதட்டுக்கு மேல முடி, கண்ணுக்குக் கீழ கருவளையம், இந்த வயசுலயே கழுத்துல மடிப்பு, இத்தன நாளா என்னதான் செஞ்சிட்டிருந்தீங்க?" என்று ஷைலஜா யாரிடமும் சொல்வதைத்தான் சொன்னாள், அவளுக்குப் பூங்கனிமேல் ஒரு விரோதமும் கிடையாது. பட்டியல் முடிவதற்குள் பொட்டு ஒரு சுற்றுக் குறைந்தது. உலகம்மாள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து வாரம் தவறாமல் போனோம். உலகம்மாளின் கைச்செயின் போனது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தெரு ஏசுவது வெறும் வாய், பார்லர் ஏசுவது கண்ணாடியைக் காட்டி ஏசுவது. எட்டு மாதத்தில் பொட்டு மிளகளவுக்கு வந்துவிட்டது, முதல் நாளே வைத்திருக்க வேண்டிய அளவு.

அந்த மிளகு மட்டும் போகவில்லை. ஷைலஜா தனக்குத் தெரிந்த குறைகளை எல்லாம் சொல்லி முடித்து, இல்லாத குறைகளையும் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற பையன் வீட்டார், கறை இல்லாத முகமாக இருந்தால் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் செய்தி அனுப்பினார்கள். அன்று காலையில் உலகம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நூல்கண்டை உருட்டிக்கொண்டே இருந்தாள். "மதினி, ஒங்களுக்குத்தான் தெரியும். அவளுக்கு உள்ள போயித் தைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. இன்னைக்கு ஒருநா. இதோட விட்டுருவோம்" என்றாள்.

நான் போனேன். பூங்கனி தலை குளித்து முடியை விரித்து உட்கார்ந்திருந்தாள், உலகம்மாள் வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நின்று, எத்தனையோ வருஷமாகப் பார்த்து வைத்திருந்த அந்த ஒன்றைச் சொன்னேன்.

"ஏட்டி, ஊரு என்ன சொன்னா ஒனக்கென்ன? ஒன்னயப் பெத்தவளுக்கே ஒன் மூஞ்சியப் பாக்கக் கூசுது. பொறந்ததுல இருந்து இந்த வீட்டுல ஒருநாளாவது அவ ஒன்ன நேராப் பாத்திருக்காளா, நெனச்சுப் பாரு."

பூங்கனி என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி அவள் அம்மாவைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள், சீப்பு உலகம்மாளின் கையில் நின்றுகொண்டிருந்தது, வெளியே யாரோ தண்ணீர் வந்துவிட்டது என்று கத்தினார்கள். உலகம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு மகளின் கன்னத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, குனிந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

பொட்டு போய்விட்டது. தேய்ந்து போகவில்லை, சுருங்கிப் போகவில்லை, இருந்தது, அப்புறம் இல்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு குத்துவிளக்கு மாதிரில்லா இருக்கா" என்று வாய் நிறையச் சொன்னாள். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கன்னத்தைப் பார்த்தோம். ஒரு கடுகளவும் இல்லை. கல்யாணம் நிச்சயமானது. தெருவில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம், தன்னுடைய ஏச்சுதான் கடைசியில் பலித்தது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள், கவுன்சிலர் வந்து இந்த ஊரின் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். பக்கத்து ஊர்களிலிருந்து பருவுக்கும் மங்குக்கும் தேமலுக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் மறுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் ஏசினேன். ஒரு பருவும் போகவில்லை, தலைகள்தான் தொங்கின. நெற்றியில் பரு வந்த ஒரு சின்னப் பெண், நான் ஏசி முடித்ததும், "சரிங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள், அன்றைக்குத்தான் வாசல் கதவைச் சாத்தினேன்.

பூங்கனியின் கல்யாண ஜாக்கெட்டை நான்தான் தைத்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படி ஒன்று தைத்ததில்லை. போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். இனி என்ன பயம் என்று, ஏழு வயதுக்குப் பிறகு முதன்முதலாக, "ராணி மாதிரி இருக்கட்டி" என்றேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "துணி நல்லாருக்கு அத்தை" என்றாள். பயந்துபோய் உலகம்மாளிடம் சொன்னேன். தெருவுக்குச் சொன்னோம். அன்றிலிருந்து கல்யாண நாள் வரைக்கும் ஏசுவதற்கு இருந்த அதே முறைப்படி வீட்டுக்கு வீடு அவளைப் புகழ்ந்தார்கள், தமிழய்யா கண்ணீர் விட்டுப் புகழ்ந்தார், பரமசிவன் லோடை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "எம்மா, நீ பாடுனா எப்படி இருக்கும் தெரியுமா" என்று கேட்டான். எல்லாருக்கும் அவள் "அப்படியா" என்றாள். எந்தச் சொல்லும் எங்கும் தங்கவில்லை. தாலி கட்டுவதற்கு முன்னால் உலகம்மாள் வசம்பு சுட்டு மை குழைத்து அவள் கன்னத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். மத்தியானம் பந்தியில் முகம் கழுவும்போது அது ஒரே கைத் தண்ணீரில் போய்விட்டது. இருபத்தோரு வருஷம் இதற்குத்தானே பாடுபட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றோம்.

இரண்டு வருஷம் கழித்துத் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. பதினாறாம் நாள் காலையில் குளிப்பாட்டிப் படுக்க வைத்ததும், உலகம்மாள் சிரட்டையில் மையோடு வந்து குனிந்தாள். பூங்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா? இதுக்கு யாரு கண்ணு போடப் போறா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை வராது, குடை எதுக்கு என்கிற மாதிரி சொன்னாள். கீழே உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"தாயி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. என் நாக்குல புழு வைக்க. நான் என்னமோ கண்டது மாதிரி சொல்லிட்டேன்."

"நீங்க சொன்னது கெடக்கு அத்தை" என்றாள் பூங்கனி. "நீங்க ஏழு வயசுல இருந்து சொல்லிக்கிட்டுதான இருந்திய. அம்மை ஒண்ணும் சொல்லலியே."

உலகம்மாள் சிரட்டையைத் தரையில் வைத்தாள். கைகளை முந்தானையில் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"எனக்குக் கூசலட்டி" என்றாள். "ஊர்க் கண்ணுக்குப் பயந்து நான் பொட்டு வைக்கல. என் கண்ணுக்குப் பயந்துதான் வச்சேன். நீ பொறந்ததுல இருந்து ஒன்ன விட்டுக் கண்ண எடுக்க முடியல எனக்கு. மண்டிக்குப் போனா கை பழத்துல இருக்கும், கண்ணு இங்க கெடக்கும். என் கண்ணே ஒன்னயக் கொன்னுருமோன்னு அம்புட்டுப் பெருசா வச்சேன். அது அழியலன்னதும் என் கண்ணு பட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு நெனச்சேன். பாத்தா இன்னும் பெருசாகும்னு பாக்காமலே இருந்தேன். அன்னைக்கு இதச் சொல்லியிருந்தா பொட்டு பெருசாயிருக்கும், சாயங்காலம் மாப்பிள்ள வீட்டுக்காரவ வாராவ. அதான் வாய மூடிக்கிட்டேன். பொட்டு போகட்டும்னு ஒன்ன விட்டுட்டேன். ஒன்ன மாதிரி ஒரு பிள்ள இந்த உலகத்துல பொறக்கல தாயி. அப்பவும் சொல்லியிருக்கணும். நான் பாவி, சொல்லல."

சொல்லி முடித்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். பூங்கனி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் கண்ணிலும் ஏதோ திரண்டது. நாங்கள் இருவரும் காத்திருந்தோம். இத்தனை பெரிய வார்த்தை, இது உள்ளே போகாமலா இருக்கும், இதோ ஒரு மிளகளவு, ஒரு கடுகளவு, இதோ இப்போது வரும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாருங்க" என்றாள் பூங்கனி, மெதுவாக. "ரெண்டு பேரும் இப்பவும் கன்னத்தத்தான் பாக்குதிய."

உலகம்மாளும் நானும் தலையைக் குனிந்துகொண்டோம். எங்கே பார்ப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. குனிந்த கண்ணுக்குப் பூங்கனியின் கைதான் தெரிந்தது. அது சிரட்டையில் விரலைத் தொட்டு, குழந்தையின் முகத்துக்குப் போகாமல், போர்வையை விலக்கி, யாரும் பார்க்காத உள்ளங்காலில் ஒரு பொட்டை வைத்தது. பிறகு போர்வையை இழுத்து மூடியது.